ஷாஜினுக்கு எந்த டயப்பர்?

ஆம்பூர்
12.1.2000

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெனிஃபா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் நானும் உங்கள் தம்பியும் ஷாஜினும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மஸ்கட்டிலும் இப்போது குளிர் என்று அவர் சொன்னார். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையை ஷாஜின் பாதி தின்றுவிட்டான். மீதியை எடுத்து அலமாரி மேல் வைத்திருக்கிறேன். அங்கேயும் நாற்காலி போட்டு ஏறப் பார்க்கிறான்.

ஒரு சந்தோஷமான சேதி. ஷூ கம்பெனியில் என் பழைய செக்கிங் டேபிளுக்கே மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ஷாஜினுக்கும் ஒன்றரை வயது முடிந்துவிட்டது. பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளக் கீழ் வீட்டு ஜஹீருன்னிசா அம்மா ஒத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை எல்லாம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு துணை. தயங்கித் தயங்கி ஒன்றே ஒன்று சொன்னார்கள். “புள்ள வூடு பூரா ஓடட்டும், எனக்கு ஒரு பேஜாரும் இல்ல. நான் தொழுற எடம் மட்டும் ஈரம் ஆவக்கூடாது. இவன் ஒரு எடத்துல நிக்கிறவனா, நீயே சொல்லு.”

அவர்கள் சொல்வது நியாயம்தான். துணி நாப்கின் கட்டி முடிப்பதற்குள் நனைந்துவிடுகிறது. மேலே ரப்பர் ஜட்டி போட்டால் தொடை வெந்துபோகிறது. அதனால் கடையில் விற்கும் டயப்பர் போடலாம் என்று நினைக்கிறேன். பஜாரில் மெடிக்கல் வைத்திருக்கும் ரஷீத் அஹமது மூன்று விதம் வைத்திருக்கிறார். லூஸிலும் கொடுப்பாராம். எனக்குப் பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது. விலை மட்டும்தான் வேறு வேறு. நீங்கள் குழந்தைகள் வார்டில் வேலை செய்பவர்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எங்களால் தினமும் வாங்க முடிகிற மாதிரியும் இருக்க வேண்டும், இவன் ஓட்டத்துக்கும் தாங்க வேண்டும்.

உங்கள் பதிலைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

ஜெனிஃபா

மஸ்கட்
25.1.2000

அன்பு ஜெனி,

நீ வேலைக்குத் திரும்பியதில் எனக்கு மிகவும் சந்தோஷம். இங்கே நான் சுகம். முதுகு வலிக்கத்தான் செய்கிறது, வார்டுக்குள் போனால் மறந்துவிடுகிறது.

போன வருஷம் பால் கொடுப்பது பற்றி நான் நீளமாக எழுதினேன். அதைப் படித்து நீ அழுததாகத் தம்பி எழுதினான். அன்றிலிருந்து கேட்டால் மட்டும் யோசனை சொல்வது என்று வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நீயே கேட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

வயதைப் பார்த்து வாங்காதே, எடையைப் பார்த்து வாங்கு. தொடையைச் சுற்றி வரும் சுருக்கம்தான் முக்கியம். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இருக்க வேண்டும். அதற்கு மேல் லூஸாக இருந்தால் ஓடும்போது ஒழுகும், இறுக்கினால் தழும்பு விழும். ஆண் குழந்தைக்குக் குஞ்சைக் கீழ் நோக்கி வைத்துக் கட்டு. இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கமாகப் பீய்ச்சிவிடும், ஒன்றும் தெரியாதவர்கள் டயப்பரைக் குறை சொல்வார்கள். எண்ணெய்க் கையோடும் பவுடர் கையோடும் ஒட்டுப் பட்டையைத் தொடாதே, அப்புறம் ஒட்டாது. விலை கூடினது எல்லாம் நல்லது என்று இல்லை. பாக்கெட்டாக வாங்காமல் ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிப் போட்டுப் பார். பகலில் மட்டும் போடு. வீட்டில் நீ இருக்கும்போது துணியே போதும், காற்றுப் படட்டும்.

ஷாஜின் இப்போது என்ன எடை என்று எழுது.

அவன் கன்னத்தைக் கிள்ளாமல் முத்தம் கொடு. கிள்ளுவதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பொன்மலர்

ஆம்பூர்
9.2.2000

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழவில்லை, சத்தியமாகச் சிரித்தேன். நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முதுகுக்கு இங்கே இருந்து தைலம் வாங்கி அனுப்பட்டுமா?

மூன்று விதத்திலும் வாங்கிவிட்டேன். பெயர் எல்லாம் இங்கிலீஷில் வாயில் நுழையாமல் இருக்கிறது. ஒன்றில் யானைப் படம், ஒன்றில் வாத்துப் படம். மூன்றாவதில் படமும் இல்லை, பெயரும் இல்லை. அதற்கு உங்கள் தம்பி மொட்டை என்று பெயர் வைத்தார். அதுதான் இருப்பதிலேயே மலிவு.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, செக்கிங் டேபிள் பழக்கம், ஒன்றை இழுத்துப் பார்க்காமல் கையை விட்டு அனுப்ப மாட்டேன். மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து தரையில் விரித்தேன். யானையின் சுருக்கம் நல்ல இழுவை. வாத்தில் பசை கொஞ்சம் கம்மி. பிறகு டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றினேன். மொட்டைகூட நான் நினைத்ததைவிட அதிகம் குடித்தது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஆவல் தாங்காமல் யானையைக் கத்தரித்துவிட்டேன். பஞ்சுக்கு நடுவில் சர்க்கரை மாதிரி ஒரு பொடி. தண்ணீர் பட்டதும் அது நுங்கு மாதிரி ஆகிவிட்டது. உங்கள் தம்பி அதை விரலில் எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, “டேனரில ஒரு தோலைத் தண்ணி குடிக்க வைக்க ட்ரம்ல போட்டு நாள் பூரா சுத்தறோம். இது அரை நிமிஷத்துல குடிச்சுடுதே” என்றார். சாப்பிடக்கூட வராமல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஷாஜினுக்குக் கட்டினால் கதை வேறாக இருக்கிறது. காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன் யானையைக் கட்டிவிட்டுப் போகிறேன். பத்து மணி ஆவதற்குள் தொடை வழியாக இறங்கிவிடுகிறதாம். வாத்து அதற்கும் முன்னால். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். எடையைப் பார்த்தேன், விரலை விட்டுப் பார்த்தேன், கீழ் நோக்கி வைத்தேன். தரையில் நிற்கிறது, இவனிடம் நிற்கவில்லை. ஏன் அண்ணி? ஓடுவதால் பிதுங்கி வெளியே வருகிறதா? எனக்கு மண்டையைக் குடைகிறது.

அவன் வால்தனத்தைக் கேளுங்கள். ஜஹீரம்மா கோழிகளுக்கு வைத்த தண்ணீர்ச் சட்டியில் குனிந்து வாய் வைத்துக் குடித்திருக்கிறான். கோழி எல்லாம் சுற்றி நின்று பார்த்ததாம். குளித்துத் துவட்டிய துண்டை வாயில் வைத்து உறிஞ்சுகிறான். பால் கொடுத்தால் தட்டிவிட்டுக் குடத்தைக் காட்டுகிறான். இவன் மீனாகப் பிறக்க வேண்டியவன் என்று உங்கள் தம்பி சொல்கிறார்.

எடை எட்டரை கிலோ. போலியோ சொட்டு மருந்து போடக் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்தேன். தீபாவளிக்கு முன்னாலும் அதுவேதான் இருந்தது. சாப்பிடுவதை எல்லாம் ஓடியே கரைக்கிறான்.

ஜெனிஃபா

மஸ்கட்
22.2.2000

அன்பு ஜெனி,

நான் சுகம். உன் கடிதத்தை வார்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மொட்டையை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

டயப்பர் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அதற்கு முன் சிலது தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு ஷாஜின் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான்? இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீர் கேட்கிறானா? மூத்திரம் மஞ்சளாக இருக்கிறதா, தண்ணீர் மாதிரி இருக்கிறதா? அடிக்கடி காய்ச்சல் வருகிறதா? சும்மாதான் கேட்கிறேன், வார்டுப் பழக்கம்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரிடம் அவன் எடையைக் காட்டிவிட்டு வாருங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. எடை ஏறாமல் இருக்கிறதே என்றுதான்.

தம்பியை எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

பொன்மலர்

ஆம்பூர்
6.3.2000

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்காகக் குடும்ப ஜெபத்தில் தினமும் ஜெபிக்கிறோம்.

நீங்கள் கெட்டிக்காரர். நான் திரும்பவும் வருத்தப்படுவேனோ என்று நேராகச் சொல்லாமல், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான் என்று கேள்வி மாதிரி கேட்டிருக்கிறீர்கள். படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் நான் டயப்பரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தேன், விஷயம் தண்ணீரில் இருந்திருக்கிறது. உள்ளே போனால்தானே வெளியே வரும்?

உண்மையில் அவன் குடிப்பது ரொம்ப ஜாஸ்தி. ராத்திரியிலும் எழுந்து குடித்தான். மூத்திரத்துக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை, பச்சைத் தண்ணீர்தான். போன வாரத்திலிருந்து கணக்காகக் கொடுக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது. முதல் இரண்டு நாள் கத்தினான். இப்போது கத்தல் குறைந்துவிட்டது. டயப்பரும் முன்னைவிட நிற்கிறது. யானையை விட்டு வாத்துக்கு இறங்கிவிட்டேன்.

பகலில்தான் தொல்லை. ஜஹீரம்மாவிடம் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் கொடுத்திருக்கிறார்கள். முந்தாநாள் கம்பெனியில் பாதி நாளில் கரண்ட் போய் சீக்கிரம் வந்தேன். இவன் சொம்பைப் பிடித்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருக்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் சொன்னது இன்னா, நீங்க பண்றது இன்னா?” என்று கேட்டுவிட்டேன். அவர்கள் அவன் குடித்து முடித்த பிறகுதான் சொம்பை வாங்கினார்கள்.

பக்ரீத்துக்கு அவர்கள் பேரணாம்பட்டில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் தேவகியின் அம்மா பார்த்துக்கொள்வார். அவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். சரிப்பட்டு வந்தால் அவரிடமே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

கம்பெனியில் ஷிப்மெண்ட் முடிந்ததும் வேலூருக்குப் போகிறோம். இப்போது ஒரு நாள்கூட லீவு கேட்க முடியாது. இரண்டு நாளாக லேசாக உடம்பு சுடுகிறது, பல் வருகிறது போல இருக்கிறது.

உங்கள் யோசனைக்கு நன்றி அண்ணி.

ஜெனிஃபா

மஸ்கட்
18.3.2000

ஜெனி,

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. உங்கள் தெருமுனை சர்தார் பாஷாவின் எஸ்.டி.டி. பூத்துக்கு நாலு தடவை போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. பக்ரீத்துக்கு மூடியிருப்பார். திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருப்பேன். போன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவனுக்குத் தண்ணீர் கொடு. கேட்கும்போதெல்லாம் கொடு. ராத்திரி எழுந்து கேட்டாலும் கொடு. டயப்பர் எத்தனை நனைந்தாலும் நனையட்டும். நான் குறைக்கச் சொல்லவில்லை. ஷிப்மெண்ட் இருந்தாலும் லீவு போட்டுவிட்டு இன்றைக்கே வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போ. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

பொன்மலர்

வேலூர்
22.3.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நத்தானியேல் எழுதுகிறேன். ஷாஜின் பிழைத்துக்கொண்டான். முதலில் அதைப் படித்துவிட்டு மற்றதைப் படி.

நீ ஞாயிற்றுக்கிழமை பேசியபோது சர்தார் பாஷா, நாங்கள் வேலூர் போய்விட்டோம் என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். அது சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. நான் டேனரியிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜெனி தேவகி வீட்டிலிருந்து இவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது. எப்போதும் தோளில் ஏறி முடியைப் பிடித்து இழுக்கிறவன், கழுத்து நிற்காமல் கிடந்தான். தேவகியின் அம்மா பாவம், “நீங்க சொன்ன மாதிரி அரை டம்ளருக்கு மேல குடுக்கல, இன்னைக்கு அது கூட கேக்கல” என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார்.

ஜெனி அவனைப் பாயில் கிடத்தி டயப்பரை அவிழ்த்தாள். அது நிறைந்து தொங்கியது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “இன்னாங்க இது, வாய்ல எச்சில் கூட இல்ல, இது மட்டும் எங்கேருந்து வருது?” என்றாள். நான், “அதெல்லாம் அப்புறம் பாக்கலாம், ஆட்டோ பிடிக்கறேன்” என்று கத்தினேன். அவள் அந்த நனைந்த டயப்பரை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் ஏறினாள்.

ஆம்பூர் பஜார் டாக்டர் ட்ரிப் ஏற்றிவிட்டு உடனே வேலூருக்குப் போகச் சொன்னார். இங்கே எமர்ஜென்சியில் ஒரு சின்ன வயது டாக்டர் இருந்தார். வாந்தியா, பேதியா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றோம். சரி, ஏதோ காய்ச்சல், தண்ணீர் குறைந்துவிட்டது என்று எழுதப் போனார். அப்போது ஜெனி பையைத் திறந்து அவர் மேஜை மேலேயே வைத்தாள். “டாக்டர், நாள் பூரா இவன் தண்ணியே குடிக்கல. ஆனா இது இவ்ளோ கனமா இருக்குது. தண்ணி இல்லாத புள்ள எப்படி இவ்ளோ பெய்வான்?”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு யாரையோ போனில் கூப்பிட்டார்.

இப்போது ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கிறது, கண் திறந்து பார்க்கிறான். என்ன நோய் என்று பார்க்க இன்னும் டெஸ்ட் இருக்கிறதாம். நீ போனில் ஆஸ்பத்திரியைப் பிடித்துப் பேசியதை வார்டு சிஸ்டர் சொன்னார். ஜெனி அவன் கட்டிலை விட்டு நகருவதே இல்லை. உனக்கு அவள் பிறகு எழுதுவாள்.

தம்பி நத்தானியேல்

மஸ்கட்
5.4.2000

அன்பு ஜெனி,

இங்கே நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தம்பி போனில் எல்லாம் சொன்னான். மருந்து வேலை செய்கிறது என்றும் சொன்னான்.

ஆம்பூர்க்காரர் ஷபீ அஹமது லீவில் வருகிறார். அவரிடம் மூக்கில் விடும் மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்திருக்கிறேன், வாங்கியதும் ப்ரிட்ஜில் வைத்துவிடு. தீர்வதற்குள் அடுத்தது வரும். அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

உன் கையெழுத்தில் இரண்டு வரி போதும் ஜெனி.

பொன்மலர்

ஆம்பூர்
9.5.2000

அன்புள்ள அண்ணிக்கு,

ஷாஜின் நன்றாக இருக்கிறான். மருந்து பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் ப்ரிட்ஜ் இல்லாததால் ஜஹீரம்மா வீட்டில் வைத்திருக்கிறோம். உங்களுக்கு எழுத ஐந்தாறு தடவை உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன்.

வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். உடம்பு தேறிய பிறகு ஒரு நாள் காலையிலிருந்து அவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் டெஸ்ட் பண்ணினார்கள். வீட்டில் நான் தெரியாமல் செய்ததையே அங்கே தெரிந்து செய்தார்கள். பக்கத்திலேயே டாக்டர், ஒரு மணிக்கு ஒரு தரம் ரத்தம், எடை. அவன் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி “தண்ணி, தண்ணி” என்றான். நான் வேண்டுமென்றால் வெளியே போய் இருக்கலாம் என்று சிஸ்டர் சொன்னார். நான் போகவில்லை.

அவிழ்க்கிற டயப்பரை எல்லாம் தராசில் வைத்தார்கள். காய்ந்த டயப்பர் என்ன எடை என்று தெரிந்தால்தானே கழிக்க முடியும்? நான் கொண்டுபோனது வாத்து. புதிதாக ஒன்றை எடுத்து நானே தராசில் வைத்தேன். தண்ணீர் உள்ளே போகாமலே தராசு ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. சாயங்காலம் மூக்கில் மருந்து விட்டார்கள். அடுத்த டயப்பரை அவிழ்த்தால் கொஞ்சம்தான் ஈரம். மஞ்சள் நிறம். சிஸ்டர் அதைப் பார்த்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இதற்கும் நீரிழிவு என்றுதான் பெயராம், ஆனால் சர்க்கரை இல்லாதது. தண்ணீரைப் பிடித்து வை என்று கிட்னிக்கு மூளையிலிருந்து ஒரு கட்டளை போகுமாம். இவனுக்கு அது போகவில்லை. அதனால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். கட்டி எதுவும் இருக்கிறதா என்று தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்து மட்டும் எப்போதும் விட வேண்டியிருக்குமாம்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பிப்ரவரியில் நீங்கள் நாலு கேள்வி கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரும் அதே நாலு கேள்வியைக் கேட்டார். அப்படியே, அதே வரிசையில். அப்போதே உங்களுக்குத் தெரியுமா அண்ணி? தெரிந்தே சும்மாதான் கேட்கிறேன் என்று எழுதினீர்களா?

உங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஜெனிஃபா

மஸ்கட்
21.5.2000

அன்பு ஜெனி,

தெரியாது. சந்தேகம் இருந்தது.

கோழிச் சட்டியில் குடித்தான் என்று நீ எழுதிய கடிதத்தை வார்டில் வாய்விட்டுப் படித்தேன் என்று சொன்னேன் அல்லவா? துண்டை உறிஞ்சுகிறான் என்ற இடம் வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். சில வருஷத்துக்கு முன் எங்கள் வார்டில் ஒரு பெண் குழந்தை பூந்தொட்டியில் ஊற்றிய தண்ணீரைக் குடித்தாள். அவளுக்கும் இதுதான்.

நேராக எழுதியிருக்க வேண்டும். பேப்பரை எடுத்து எழுதவும் எழுதினேன். பிறகு கிழித்தேன். இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காத பிள்ளைக்கு நோய் என்று எழுத எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. ஒன்றும் இல்லை என்று ஆனால், நாத்தனார் என் பிள்ளையைச் சீக்காளி ஆக்கினாள் என்று நீ நினைப்பாயோ என்றும் தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்களே கண்டுபிடிப்பார்கள், நான் சொல்லாமலே முடிந்துவிடும் என்று நினைத்தேன். உனக்கு மனசு நோகக்கூடாது என்று நான் மழுப்பி எழுதியதை நீ வேறு விதமாகப் படித்துக்கொண்டாய். அது உன் தப்பு இல்லை. அப்படித்தான் படிக்க முடியும்.

அந்தக் கீழ் வீட்டு அம்மா மட்டும் நீ சொன்னதைக் கேட்டிருந்தால், பக்ரீத் வரைக்கும்கூட அவன் தாங்கியிருக்க மாட்டான். அதை நினைத்தால் எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை.

இனி எனக்குத் தோன்றுவதை அப்படியே எழுதுவேன். நீ அழுதாலும் பரவாயில்லை, திட்டி எழுது. இப்போதே ஒன்று எழுதுகிறேன். மருந்து பிடிக்க ஆரம்பித்த பிறகு, பழக்கத்தில் நிறையத் தண்ணீர் குடித்தால் அதுவும் ஆபத்து. தாகம் இல்லாமல் ஊட்டாதே. தாகம் எடுத்தால் தடுக்காதே. தலைவலி, வாந்தி, அசதி என்றால் உடனே வேலூருக்குப் போ.

பொன்மலர்

ஆம்பூர்
17.6.2000

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து, இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை அழுதேன். கோபத்தில் ஒன்று எழுத நினைத்தேன், அது இப்போது இல்லை. இனி நீங்கள் சொன்னபடியே எழுதுங்கள். எனக்குப் புரியாத இடத்தில் நானும் புரிந்த மாதிரி இருக்காமல் கேட்கிறேன்.

ஜஹீரம்மாவிடம் பேசியதைச் சொல்ல வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து வந்ததும் விஷயம் கேட்டு நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். அப்போது என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன வாரம்தான் மருந்து எடுக்கக் கீழே போனபோது சொன்னேன். “நீங்க அன்னைக்கு எனக்குத் தெரியாம திருட்டுத்தனமா தண்ணி குடுக்கலன்னா இவன் இல்ல” என்றேன். அவர்கள் ப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு, “திருட்டுத்தனமா எங்க குடுத்தேன்? தாகம்னு கேட்டான், குடுத்தேன். உன்கிட்ட சொல்லல, அவ்ளோதான்” என்றார்கள். பிறகு, “சொல்லியிருக்கணும். சண்டை போட்டாவது சொல்லியிருக்கணும். உன் புள்ளைன்னு வாயை மூடிக்கிட்டேன்” என்றார்கள். அதற்குள் ஷாஜின் அவர்கள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு ஓடினான்.

நீங்கள் டயப்பர் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதவே இல்லை. பரவாயில்லை, நானே முடிவு பண்ணிவிட்டேன். இப்போது மொட்டை போதும். காலையில் கட்டினால் மதியச் சாப்பாடு வரை தாங்குகிறது, அதற்குப் பிறகு இன்னொன்று. ரஷீத் அஹமது, “இன்னாம்மா, யானையிலேர்ந்து மொட்டைக்கு வந்துட்டீங்க” என்று கேட்டார். பகல் தூக்கத்துக்கு முன் ஜஹீரம்மா முற்றத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். சில நாள் சொல்கிறான், சில நாள் ஓடிவிடுகிறான். எடை ஒன்பதரை கிலோ ஆகிவிட்டது. நேற்றுப் பாலும் குடித்தான். சோறு ஊட்டும்போது மட்டும் பழையபடி ஓட்டம்தான்.

இன்று சாயங்காலம் நடந்ததை உங்களுக்கு எழுதவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். கம்பெனியிலிருந்து வந்து அவனைக் கூப்பிடக் கீழே போனேன். விளையாடிக் களைத்து வந்து “தண்ணி” என்றான். இப்போதும் அவன் அந்த வார்த்தையைச் சொன்னால் நான் முதலில் டயப்பரைத்தான் தொட்டுப் பார்ப்பேன். ஜஹீரம்மா டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பாதியில் நிறுத்தினான். டம்ளரைத் தரையில் வைத்தான். உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரு தடவை பார்த்தான், பிறகு கோழியைத் துரத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டான்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த டம்ளரை எடுக்கவே இல்லை அண்ணி. பாதித் தண்ணீரோடு அது அங்கேயே இருந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

ஜெனிஃபா